பூசணிக்காய் விழும் சத்தம்

தொப்பென்று ஒரு சத்தம். கீழ் வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. கதவு திறந்தது. வெறுங்கால்கள் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தன. என் வீட்டுக் கதவு சுவரில் மோதியது. கீழ் வீட்டுக்காரி கையில் பாதி மடித்த அட்டைப்பெட்டியோடு வந்து நின்று தரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். அங்கே ஒரு சாக்குப்பை கிடந்தது. அதன் வாய் வழியாக மஞ்சளாக ஒரு துண்டு எட்டிப் பார்த்தது.

நான் விழவில்லை. பூசணிக்காய்தான் விழுந்தது. சரியாகச் சொன்னால், நான்தான் அதைத் தள்ளிவிட்டேன்.

அதை அவளுக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கத்தியை என்னால் பிடிக்க முடியாது, பிடித்தாலும் அழுத்த முடியாது. முழுப் பூசணியைக் கத்தியால் பிளப்பது என்றால் அடுத்த மூன்று நாட்கள் மணிக்கட்டு வீங்கிக்கொள்ளும். அதனால் காய்கறி வண்டிக்காரரிடமே பூசணியைப் பைக்குள் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். விரல்கள் கொஞ்சம் இளகும் வரை காத்திருந்து, முழங்கையால் மேஜை விளிம்பு வரை உருட்டினேன். மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு துண்டாக உடையும். அப்படியே தோலோடு பாத்திரத்தில் போட்டு வேகவைத்தால், வெந்த பிறகு கரண்டியால் வழித்தாலே சதை வந்துவிடும். வெட்டவும் வேண்டாம், சீவவும் வேண்டாம். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அதுவும் கிட்டத்தட்ட பூசணி விழுந்த சத்தம்தான்.

"உங்க வீட்ல காய்கறிக்கு மரண தண்டனையா அக்கா?" என்றாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. சத்தம் கேட்டதும் முதலில் என் மகளுக்குப் போன் செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் படியேறி ஓடி வந்தாளாம்.

மகள் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள். நாலு மணி நேரப் பேருந்து. வேலையிடத்தில் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ தெரியாது. கைப்பையைக்கூட இறக்காமல் சாக்குப்பையையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, உடைந்து கிடந்த துண்டுகளையெல்லாம் கத்தியால் தோல் சீவி, ஒரே அளவில் சதுரமாக நறுக்கி, மூன்று டப்பாக்களில் போட்டு மூடினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையும் அப்படித்தான் இருந்தது.

முப்பது வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள் நான். அதற்கு இரண்டு சத்தம். மைப்பலகையில் ஒன்று, கவரில் ஒன்று. டப், டப். நிமிஷத்துக்கு எத்தனை கவர் என்று பக்கத்து மேஜைக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். கடைசி வருஷத்தில் முத்திரைக்கட்டை கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. தபால்காரர் ஒருவர், அம்மாவுக்கு வேலை கசந்துவிட்டது என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன். காலையில் எழுந்தால் விரல்கள் பத்து மணி வரை மடங்காது என்பதை அப்போது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூட்டுகளை என் உடம்பே வேற்று ஆள் என்று நினைத்துத் தின்கிறது, முடக்குவாதத்தில் இது ஒரு வகை என்று டாக்டர் பிறகு விளக்கினார். எவ்வளவு நாள் தின்னும் என்று கேட்டேன். மருந்தை விடாமல் சாப்பிடுங்கள் என்றார். கைக்கு வேலை கொடுங்கள், கஷ்டம் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னார். இது நடந்து ஆறு வருஷமாகிறது. இப்போது அதைப் பற்றி எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. பல் தேய்ப்பதுபோல மாத்திரை விழுங்குகிறேன்.

மகள் மறுநாள் காலை கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு தடவைம்மா. ஒரே ஒரு தடவை நீ விழுந்தேன்னு கேள்விப்பட்டா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் பேச்சே கிடையாது."

கீழே இறங்கிப் போய், பெட்டி மடித்துக்கொண்டிருந்தவளிடமும் அதையே சொன்னாளாம். சித்தி, நீங்கதான் எனக்குக் காது என்றாளாம். கீழ் வீட்டுக்காரி என்னை அக்கா என்கிறாள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மகள் அவளைச் சித்தி என்கிறாள். அவள் கீழே குடிவந்து மூன்று வருஷத்துக்குள் எனக்கே தெரியாமல் ஒரு கூடப்பிறந்தவள் முளைத்துவிட்டாள். கேக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. காலை எட்டிலிருந்து மாலை வரை தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே இருப்பாள். கண் பெட்டியில் இருக்கும், காது ரேடியோவில் இருக்கும். அன்றிலிருந்து பாதிக் காது மேலே என் வீட்டுக்கு வந்துவிட்டது.

மகளைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது. போன வருஷம் நோய் முற்றியபோது இரண்டு மாதம் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுக் கொடுத்தாள். வேளாவேளைக்குக் கிண்ணத்தில் காய் வரும், குழைய வெந்து, முள்கரண்டியே வேண்டாத அளவுக்கு மசித்து வரும். எழுந்து அடுப்படிக்குப் போனால், நீ ஏம்மா வந்தே, போய்ப் படு என்பாள். குரலில் கோபமே இருக்காது. இரண்டு மாதம் நான் ஒரு கேரட்டைக்கூடக் கையால் தொடவில்லை. ஒரு நாள் கிண்ணத்தில் இருந்தது என்ன காய் என்று தெரியாமலே சாப்பிட்டு முடித்தேன். கேட்கவும் தோன்றவில்லை. அங்கே இருந்தபோது வலி குறைவாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஆனால் திரும்பி இந்த வீட்டுக்கு வந்த அன்று, வண்டிக்காரர் கொண்டு வைத்த ஒரு பிடி பீன்ஸை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பீன்ஸிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் போதும் என்று கண்டுபிடித்தேன். பத்துப் பதினைந்து பீன்ஸைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து, பெரிய கைப்பிடி உள்ள கத்தரிக்கோலால் இரண்டு கையாலும் நறுக்கினால் வேலை ஆகிவிடுகிறது. நுனிகள் மட்டும் வெட்டுக்கிளிபோலத் துள்ளி அறை முழுக்கப் பறக்கும். கீரைக்குக் கத்தரிக்கோல்கூட வேண்டாம், விரலால் கிள்ளிப் போட்டால் போதும். கிள்ள முடியாத நாளில் தண்டோடு போட்டுவிட வேண்டியதுதான். உருளைக்கிழங்கை முழுசாக வேகவைத்து, ஆறிய பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டினால் தோல் தானே கழன்றுகொள்ளும். கேரட்டுக்குத் தோல் சீவுவதையே நிறுத்திவிட்டேன். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி முழுசாகப் போடுவேன், வெந்த பிறகு கரண்டி முனையால் வெட்டிக்கொள்வேன். குக்கர் மூடியைத் திருக வராது. அதனால் சாதாரணப் பாத்திரம், மேலே ஒரு தட்டு, சின்னத் தீ. நேரம் ஆகும். எனக்கு நேரத்துக்கு என்ன குறை. நல்ல நாள் ஒன்று வந்தால் நாலு நாளைக்கான காயை டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுவேன். நல்ல நாள் எது என்று காலையில் தெரியாது. பத்து மணிக்குத்தான் தெரியும். எல்லாம் உட்கார்ந்தபடியேதான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டை ஸ்டூல் இருக்கிறது.

பூசணியும் முட்டைக்கோஸும்தான் பாக்கி இருந்தன. அவற்றுக்குத்தான் அந்தப் பை. கோஸில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், இலை இலையாகப் பிரித்துவிடலாம். தபால் மூட்டை கட்டும் கெட்டிச் சாக்கு, கிழிந்துவிட்டதென்று தூக்கிப் போட்டதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எத்தனையோ ஊர்க் கடிதங்களைச் சுமந்த பை. இப்போது பூசணிக்காய் சுமக்கிறது. இது பதவி உயர்வா பதவி இறக்கமா என்று கீழ் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்.

முதல் தடவை நடந்த கலாட்டாவுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காய் விழுந்ததும் நான் கைத்தடியால் தரையில் இரண்டு முறை தட்ட வேண்டும். டப், டப். கேட்டால் காய்தான் என்று அர்த்தம், ரேடியோ தொடர்ந்து பாடும். தட்டல் கேட்காவிட்டால் அவள் மேலே வருவாள், மகளுக்குப் போன் போகும். தட்டிவிட்டால், அரை மணியோ ஒரு மணியோ கழித்து, ஓரம் நசுங்கிய ஓர் அலுமினியக் கிண்ணத்தோடு சாவகாசமாக வருவாள். ஒற்றை ஆளுக்கு ஒரு முழுப் பூசணி எதற்கு. பாதி அவளுக்கு. வண்டிக்காரருக்கு இந்த விஷயம் தெரிந்த பிறகு பெரிய காயாகப் பார்த்துக் கொண்டுவர ஆரம்பித்தார்.

நாலைந்து மாதத்தில் அவள் தேறிவிட்டாள். சத்தத்தை வைத்தே காயைச் சொல்லிவிடுவாள். மாடிப்படியில் ஏறும்போதே, இன்னைக்கு கோஸ், அதுவும் இளசு, என்று அறிவித்துக்கொண்டு வருவாள். கோஸ் என்றால் விழுந்த பிறகு கொஞ்சம் உருளுமாம். பூசணி உருளாதாம், விழுந்த இடத்தில் தொப்பென்று உட்காருமாம். ஒரு தடவை பைக்குள் இரண்டு சின்னப் பூசணி இருந்ததைக்கூட, ரெட்டைப் பிள்ளையா அக்கா, என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தப்பே பண்ணியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மகள் போன் செய்வாள். போனைக் காதில் பிடிக்க முடியாது, மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். நல்லாயிருக்கேன் என்று சொல்வேன். அதை அவள் நம்பியதில்லை. சித்தி இருக்காங்களா என்று கேட்பாள். சித்தியும் அந்த நேரத்துக்குக் கிண்ணத்தோடு மேலேதான் இருப்பாள். இந்த வாரம் மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா சித்தி, இதுதான் அவளுடைய ஒரே கேள்வி. கோஸும்மா, பூசணிம்மா, என்று இவள் பட்டியல் வாசிப்பாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு வெளியே விடும் சத்தம் கேட்கும். அப்புறம்தான் சாப்பாடு, மருந்து, மழை வெயில் எல்லாம்.

இந்தச் சனிக்கிழமை வண்டிக்காரர் எட்டரைக்கே வந்துவிட்டார். பூசணியைப் பையில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். கதவை நான் தாழிடுவதில்லை, தாழ்ப்பாளைத் தள்ள விரல் வராது. நான் அடுப்பருகே ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். பத்து மணிக்கு விரல்களை மடக்கிப் பார்த்தேன். பாதி மடங்கின. போதும். முதலில் பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டு, கைத்தடியை ஊன்றி எழுந்து மேஜையை நோக்கி நடந்தேன். ஏழெட்டு அடி இருக்கும். கைத்தடியின் ரப்பர் முனை ஏதோ ஈரத்தில் வழுக்கியது. என் கத்தரிக்கோலிலிருந்து துள்ளிய ஒரு பீன்ஸ் நுனியாக இருக்க வேண்டும். மேஜை விளிம்பைப் பிடிக்கப் போனேன். விரல்கள் மூடவில்லை.

வலது பக்கமாக விழுந்தேன். முதலில் முழங்கை, அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை, மெதுவாக. பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாம் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன், இப்படித்தான் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

கீழே ரேடியோவின் சத்தம் குறைந்தது.

நிறுத்தவில்லை, குறைத்தாள். என் காது தரையோடு ஒட்டிக் கிடந்ததால் நன்றாகவே கேட்டது. அட்டை மடிக்கும் சரசரப்பும் நின்றுவிட்டது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா கிடந்தாலே போதும். எண்ணி இருபது படி. அவள் வந்து என்னைத் தூக்கி உட்காரவைப்பாள், தண்ணீர் கொடுப்பாள், போன் போடுவாள். மகள் நாலு மணிக்குள் வந்துவிடுவாள். ஜன்னல் பக்கத்துக் கட்டில், மசித்த காய், போய்ப் படும்மா. வலி குறையும். இதையெல்லாம் யாருக்கோ வந்த கடிதத்தின் முகவரியைப் படிப்பதுபோலப் படித்தேன். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை.

கைத்தடி என் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. மணிக்கட்டால் அதைக் கொஞ்சம் தூக்கினேன்.

டப், டப்.

முப்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியில்லை. முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவே நான் ஒரு மூச்சு இழுத்தேன், அது நினைவிருக்கிறது. கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகு ரேடியோவின் சத்தம் மெல்ல ஏறியது. ஏதோ விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

கீழே கிடந்தபோது மேஜைக்கு அடிப்பக்கம் தெரிந்தது. இருபது வருஷமாக அந்த மேஜையில் சாப்பிடுகிறேன், அடிப்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பட்டறைக்காரன் நீல மையில் ஒரு முத்திரை குத்தியிருந்தான். கோணலாக, ஒரு பக்கம் மை படாமல். நான் அப்படிக் குத்தியிருந்தால் அதிகாரி திருப்பி அனுப்பியிருப்பார். அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு இடது பக்கம் புரண்டேன். முழங்கைகளை ஊன்றி ஒரு சாண், அப்புறம் ஓய்வு. இன்னொரு சாண், மறுபடி ஓய்வு. வழியில் இரண்டு பீன்ஸ் நுனிகள் கிடந்தன. ஸ்டூலை எட்டி, மார்பை அதன்மேல் சாய்த்து, ஒரு முழங்காலை மடக்கி, சுவரைத் தோளால் அழுத்தி, எப்படியோ ஏறி உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். ரவிக்கையின் வலது கையில் ரத்தம் ஊறியிருந்தது. துடைக்கத் துணி வேண்டும். துணி மறுபக்கச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் படியேறி வந்தாள். எந்தக் காய் என்று அறிவிக்கவில்லை. படி ஒவ்வொன்றாக ஏறினாள். கிண்ணத்தை வயிற்றோடு அணைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

மேஜை நடுவில் பை இருந்தது. பைக்குள் பூசணி முழுசாக, உருண்டையாக, வண்டிக்காரர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். ஏன் தட்டினீங்க என்று அவள் கேட்கலாம். சத்தத்திலேயே உனக்குத் தெரிந்திருக்குமே, நீ ஏன் வரவில்லை என்று நானும் கேட்கலாம். அவள் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். ஆணியிலிருந்து துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து, ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, முழங்கையைத் துடைத்தாள். எரிந்தது. அவள் விரல்களில் அட்டைப் பசையின் வாசனை. முழங்கையை மடக்கச் சொன்னாள், மடக்கினேன். நீட்டச் சொன்னாள், நீட்டினேன். எழுந்து நிற்கச் சொல்லவில்லை. துணியைக் கழுவிக் காயப்போட்டாள். தரையில் கிடந்த பீன்ஸ் நுனிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், ஸ்டூலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கூடப் பொறுக்கினாள். மொத்தமாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். பிறகு கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பூசணிக்குப் பக்கத்தில் போன் அடித்தது. நான் எழப் போனேன். அவள் கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

எப்படிம்மா இருக்கே என்றாள் மகள். பின்னால் அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நல்லாயிருக்கேன் என்றேன். என் குரல் எனக்கே சரியாகத்தான் கேட்டது. சித்தி இருக்காங்களா என்றாள். இருக்கா என்றேன்.

"சித்தி, இந்த வாரம் மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

கீழ் வீட்டுக்காரி வெறும் கிண்ணத்தின் நசுங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் இருந்த முழுப் பூசணியைத்தான் பார்த்தாள்.

"கேட்டுச்சும்மா. பூசணிக்காய்தான். பாதி எனக்குக் குடுத்துட்டாங்க."